வறண்ட க்யூட்டிக்கிளும் விரல் காய்ப்பும்: வீட்டுப் பராமரிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாத்திரம் தேய்ப்பவர்கள், தையல் வேலை செய்பவர்கள், நாள் முழுவதும் அடுக்களையில் நிற்பவர்கள், வீணையோ கிட்டாரோ பழகுபவர்கள், தேர்வுக்காக மணிக்கணக்கில் எழுதும் மாணவர்கள் ஆகியோரின் விரல்களில் இரண்டு தொல்லைகளைக் காணலாம். நகத்தைச் சுற்றியுள்ள தோல் வறண்டு உரிவது ஒன்று. அழுத்தம் படும் இடத்தில் தோல் காய்த்துப் போவது மற்றொன்று. இரண்டையும் சுரண்டி எடுத்துவிட வேண்டியவை என்றே பலர் கருதுகிறார்கள். விரல்களில் வரும் புண்களில் பல அந்தச் சுரண்டலில்தான் தொடங்குகின்றன. ஆகையால் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதை முன்னிறுத்தியே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

க்யூட்டிக்கிள் என்பது எது? அதை வெட்டிவிடலாமா?

நகம் விரலிலிருந்து வெளிப்படும் இடத்தில், தோல் விளிம்பிலிருந்து நகத்தின் மேல் ஒட்டிப் படர்ந்திருக்கும் மிக மெல்லிய, உயிரற்ற சவ்வே க்யூட்டிக்கிள். அதற்குப் பின்னால் சற்றுத் தடித்து மடிந்திருப்பது உயிருள்ள தோல். அந்த மடிப்புக்கு அடியில்தான் நகத்தை உருவாக்கும் நக வேர் இருக்கிறது. நகத்துக்கும் தோலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் தண்ணீரும் சோப்பும் கிருமிகளும் நுழையாமல் அடைத்து வைத்திருப்பது க்யூட்டிக்கிள் மட்டுமே. அதை வெட்டியவுடன் அந்த இடுக்கு திறந்துகொள்கிறது.

எனவே வெட்டக் கூடாது. அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர் கழகம் உட்படத் தோல் மருத்துவர்கள் பொதுவாகத் தரும் அறிவுரையும் இதுவே. அழகு நிலையத்தில் நகப் பராமரிப்புக்கு அமரும்போது, க்யூட்டிக்கிளை வெட்ட வேண்டாம் என்று தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய கத்திரியையும் நெம்பியையும் கிருமி நீக்காமல் மற்றொருவருக்குப் பயன்படுத்துவது, வெட்டுவதைக் காட்டிலும் பெரிய ஆபத்து.

அது நகத்தின் மேல் படர்ந்து, பார்ப்பதற்கு நன்றாக இல்லையே?

குளித்து முடித்தவுடன், தோல் ஊறி இளகியிருக்கும் நேரத்தில், ஈரத் துண்டை விரலில் சுற்றிக்கொண்டு மென்மையாகப் பின்னோக்கி ஒதுக்கினால் போதும். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் இதைச் செய்ய வேண்டியதில்லை. உலோக நெம்பி தேவையில்லை. நகத்தின் மேல் வெள்ளையாக ஒட்டியிருக்கும் சவ்வு மட்டுமே நகர வேண்டும். மடிப்புத் தோல் நகரும் அளவுக்கு அழுத்தினால் நக வேருக்கு அடி விழும்.

இங்கே ஒரு பழக்கத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். யோசனையில் இருக்கும்போது ஆள்காட்டி விரல் நகத்தால் அதே கையின் கட்டைவிரல் க்யூட்டிக்கிளை ஓயாமல் நெம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால், கட்டைவிரல் நகத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காகக் குறுக்குப் பள்ளங்கள் விழும். பூஞ்சைத் தொற்று என்று எண்ணி இதற்கு மருந்து வாங்கிப் பூசுபவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டாலே புதிய நகம் சமமாக வளரத் தொடங்கிவிடும். பழக்கத்தை விடுவது கடினமாக இருந்தால், அந்த இடத்தில் சிறிய ஒட்டுநாடா ஒன்றைச் சுற்றி வைப்பது கைகொடுக்கும்.

சென்னை போன்ற புழுக்கமான ஊரில் இருந்தும் விரல்கள் ஏன் வறண்டு போகின்றன?

வறட்சிக்குக் காரணம் காற்றில் ஈரமின்மை மட்டும் என்று எண்ணுவதால் எழும் கேள்வி இது. விரல்களைப் பொறுத்தவரை, வறட்சியை உண்டாக்கும் முதன்மையான பொருள் தண்ணீரே. தோலின் மேலடுக்கில் உயிரற்ற செல்களும், அவற்றுக்கு இடையே கொழுப்புப் பொருள்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. கை மீண்டும் மீண்டும் நனைந்து உலரும்போது அந்த அடுக்கு உப்பிச் சுருங்கி விரிசல் விடுகிறது. சோப்பு அந்த இடைவெளிக் கொழுப்பைக் கரைத்து வெளியேற்றிவிடுகிறது. தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. வழக்கமான குளியல் சோப்போ காரத்தன்மை உடையது. அதன் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். ஒவ்வொரு முறை சோப்பு போட்ட பிறகும் தோல் தன் இயல்பு நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த பாத்திரம் வந்துவிடுகிறது என்பதுதான் நம் வீடுகளின் நிலைமை.

இதனுடன் உள்ளங்கைக்கே உரிய ஒரு குறையும் சேர்ந்துகொள்கிறது. உடலின் மற்ற பகுதிகளில் எண்ணெய்ச் சுரப்பிகள் தோலுக்குத் தேவையான பசையைத் தருகின்றன. உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் அந்தச் சுரப்பிகளே இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே உள்ளன. முகத்தில் எண்ணெய் வடியும் ஒருவருக்கே விரல் நுனிகள் காகிதமாக உலர்ந்திருப்பது இதனால்தான்.

ஸ்டீல் நாரால் பாத்திரம் தேய்க்கும்போது அந்த நார் விரலின் மேல்தோலையும் சேர்த்தே தேய்க்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரில் சோப்பு சரியாகக் கரையாமல் திரிந்து தோலில் படிந்து நிற்பதால் எரிச்சல் கூடுகிறது. நகப்பூச்சை அகற்றும் அசிட்டோன், நகத்திலும் அதன் ஓரத்திலும் உள்ள பசையை ஒரே துடைப்பில் எடுத்துவிடும்.

கை கழுவும் சானிடைசர்தான் வறட்சிக்குக் காரணமா?

விரிசல் உள்ள தோலில் அது சுரீரென்று எரிவதால் அப்படித் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையில் 80 விழுக்காடு எத்தனாலுடன் 1.45 விழுக்காடு கிளிசராலும் தோலைக் காப்பதற்கென்றே சேர்க்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது, நாளில் பலமுறை சோப்பால் கழுவுவதைவிடக் கிளிசரால் கலந்த சானிடைசர் தோலுக்குக் குறைவான தீங்கையே செய்கிறது. வயிற்றுப்போக்கு பரவியிருக்கும் நேரத்திலும், உணவைத் தொடுவதற்கு முன்பும், கழிப்பறைக்குப் போய்வந்த பின்பும் சோப்பும் தண்ணீரும் கட்டாயம்.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின், கிளிசரின்: இவற்றில் எது நல்லது?

இவை ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு என்பதால், உங்கள் வேலை நேரத்தைப் பொறுத்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

தேங்காய் எண்ணெய் மெல்லியது. தோலின் சொரசொரப்பை நிரப்பி மிருதுவாக்கும். பகலில் பிசுபிசுப்பு அதிகம் தெரியாது. ஆனால் அடுத்த முறை கை கழுவும்போது போய்விடும். விளக்கெண்ணெய் மிகவும் கெட்டியானது. ஒரு சொட்டை நகம் தோலோடு சேரும் இடத்தில் வைத்துத் தேய்த்தால் நெடுநேரம் அங்கேயே நிற்கும் என்பதால், க்யூட்டிக்கிளுக்கு அதுவே என் முதல் தேர்வு. அதன் பிசுக்கு பிடிக்காதவர்கள் சம அளவு தேங்காய் எண்ணெயுடன் கலந்து, பழைய சொட்டு மருந்துக் குப்பி ஒன்றை நன்றாகக் கழுவி உலர்த்தி அதில் வைத்துக்கொள்ளலாம்.

வாசலின் என்று நாம் சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லி தோலுக்கு ஈரத்தைத் தருவதில்லை. தோலில் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடி வைக்கிறது. 1872ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்ற இந்தப் பொருளைவிடச் சிறந்த மூடி இன்றுவரை எளிதாகக் கிடைக்கவில்லை. அது மணமற்றது, ஒவ்வாமையை மிக அரிதாகவே உண்டாக்குவது, விலையும் குறைவு. விரிசல் விட்ட விரலுக்கு எண்ணெயைக் காட்டிலும் இதுவே ஏற்றது. உலர்ந்த தோலில் பூசினால் பயன் பாதிதான். ஈரம் முழுதும் காய்வதற்கு முன் பூச வேண்டும்.

கிளிசரின் ஈரத்தை ஈர்த்துப் பிடித்துவைக்கும் பொருள். தனியாகப் பூசினால் பிசுபிசுக்கும், விரிசலில் எரியும். ஒரு பங்கு கிளிசரினுடன் இரண்டு அல்லது மூன்று பங்கு பன்னீர் கலந்து பூசிக்கொள்வது நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ள முறை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் 10 விழுக்காடு யூரியா கலந்த கிரீமும் இதே வேலையைச் செய்வதோடு, தடித்த மேல்தோலையும் சற்று இளக்கும்.

அழகுப் பொருள் கடைகளில் 'க்யூட்டிக்கிள் ஆயில்' என்று விற்கப்படும் சிறு குப்பிகளில் பெரும்பாலும் ஏதோ ஒரு தாவர எண்ணெயும் வைட்டமின் ஈயும் மணமும்தான் இருக்கின்றன. மணம் சேர்த்தவை ஏற்கெனவே புண்பட்ட தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். அவற்றை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

எப்போது, எவ்வளவு பூச வேண்டும்?

ஒவ்வொரு முறை கை கழுவிய பிறகும் பூசுவதே உண்மையான மருத்துவம். நாளுக்கு ஒரு முறை நிறையப் பூசுவதைவிட, ஐந்தாறு முறை சிறிதளவு பூசுவது நல்ல பலன் தரும். துண்டால் ஒற்றி எடுத்து, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பூசிவிடுங்கள். கிரீம் குழாயை ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மூட்டுக் கோடு வரை பிதுக்கினால் வருவது ஏறத்தாழ அரை கிராம். ஒரு கையின் இருபுறத்துக்கும் அது போதும். குப்பி அலமாரிக்குள் இருந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்திலேயே, சோப்புக்கு அருகிலேயே அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

இரவில் பெட்ரோலியம் ஜெல்லியைச் சற்று அதிகமாகப் பூசி, மெல்லிய பருத்திக் கையுறை அணிந்து உறங்கினால் சில இரவுகளிலேயே மாற்றம் தெரியும். எண்ணெயும் ஜெல்லியும் ஊறிய துணி மிக விரைவில் தீப்பற்றும் என்பதை மறவாதீர்கள். அந்தக் கையுறையுடன் காலையில் அடுப்பு மூட்டவோ விளக்கேற்றவோ கூடாது.

பாத்திரம் தேய்க்கும்போது கையுறை அணிவது பயன் தருமா?

மிகுந்த பயன் தரும். முறையாக அணிந்தால் மட்டுமே. ரப்பர் கையுறைக்குள் கை வியர்த்து ஊறினால் தண்ணீரில் ஊறுவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. உள்ளே பருத்திக் கையுறையும் மேலே ரப்பர் கையுறையுமாக அணிந்து, 20 நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கையை உலரவிடுவது நல்லது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே கழற்றுங்கள். ஓட்டை விழுந்த கையுறை, கையுறையே இல்லாததைவிடக் கேடானது. ரப்பர் பட்ட இடத்தில் அரிப்போ தடிப்போ வந்தால் நைட்ரைல் அல்லது வினைல் கையுறைக்கு மாறிக்கொள்ளலாம்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் இதே விரல்கள்தான் இருக்கின்றன. அவர் ஒரு நாளில் பல வீடுகளின் பாத்திரங்களைத் தேய்க்கிறார். ஒரு ஜோடிக் கையுறையும் ஒரு டப்பா ஜெல்லியும் தொட்டியருகே அவருக்கென்று வைப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

நக ஓரத்தில் தோல் கீற்றாகப் பிரிந்து நிற்கிறது. பிய்த்துவிடலாமா?

பல்லால் கடித்தோ விரலால் இழுத்தோ பிய்க்காதீர்கள். இழுக்கும்போது அது உயிருள்ள தோலையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும். வெந்நீரில் ஐந்து நிமிடம் விரலை ஊறவைத்து, சுத்தமான சிறு கத்திரியால் பிரிந்து நிற்கும் பகுதியை மட்டும் அடியோடு ஒட்டி வெட்டிவிட்டு, ஜெல்லி பூசுங்கள். வெட்டலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

நகச்சுற்று வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகி வைக்கலாமா?

பாட்டிமார் சொல்லிவந்த இந்த வைத்தியத்தால் எரிச்சலைத் தவிரப் பெரிய நன்மை கிடைப்பதில்லை. பழம் விரலை மூடி, வேறு எதிலும் இடித்துக்கொள்ளாமல் காத்தது என்பது வரையில் அதற்குப் பெருமை உண்டு. நகச்சுற்றில் இருவகை உண்டு என்பதை அறிந்துகொண்டால் என்ன செய்வது என்பது தெளிவாகும்.

ஓரிரு நாள்களுக்குள் நக ஓரம் சிவந்து, வீங்கி, தெறிக்கும் வலியுடன் வருவது ஒரு வகை. பெரும்பாலும் ஸ்டைஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா இதற்குக் காரணம். நகம் கடித்ததோ, தோலைப் பிய்த்ததோ, க்யூட்டிக்கிளை வெட்டியதோ அதற்கு முன்பு நடந்திருக்கும். சீழ் கட்டாத தொடக்க நிலையில், பொறுக்கும் சூடுள்ள நீரில் நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 10 அல்லது 15 நிமிடம் விரலை வைத்திருந்து, பிறகு நன்கு உலர்த்தினாலே பலருக்கு அடங்கிவிடும். மஞ்சளாகச் சீழ் தெரிந்தால் அதை மருத்துவர்தான் வெளியேற்ற வேண்டும். ஊசியைச் சுட்டு வீட்டில் குத்துவதால் கிருமி ஆழத்துக்குப் போகும். சிவப்பு கை நோக்கி ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மற்றொரு வகை மெல்ல வருவது. ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பது. க்யூட்டிக்கிள் மறைந்துபோய், நக மடிப்பு உப்பி, பல விரல்களில் ஒரே நேரத்தில் காணப்படும். சலவை செய்பவர்கள், மீன் வெட்டுபவர்கள், உணவகங்களில் பாத்திரம் கழுவுபவர்கள் ஆகியோருக்கு அதிகம் வருவது இதுதான். ஈரமும் சோப்பும் உண்டாக்கும் தோல் அழற்சியே இதன் வேர். பூஞ்சை பின்னால் வந்து குடியேறுகிறது. எனவே கையை ஈரத்திலிருந்து காக்காமல் பூஞ்சைக் களிம்பை மட்டும் மாதக்கணக்கில் பூசினால் அது தீராது.

விரல் நுனிகள் மட்டும் வெடித்து உரிகின்றன. எவ்வளவு எண்ணெய் பூசினாலும் தீரவில்லை. ஏன்?

எந்தக் கையின் எந்த விரல்கள் என்று முதலில் பாருங்கள். வலக்கையில் கத்தி பிடிப்பவருக்கு இடக்கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனிகள் மட்டும் வெடித்திருந்தால், பூண்டு ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். உரிக்கும்போதும் நறுக்கும்போதும் பூண்டுப் பல்லைப் பிடிப்பது அந்த மூன்று விரல்களே. பூண்டில் உள்ள டைஅல்லைல் டைசல்ஃபைடு என்னும் பொருள் பலருக்கு இத்தகைய தோல் அழற்சியைத் தருகிறது. இது சமையல்காரர்களிடம் நன்கறியப்பட்ட தொழில் நோய். சாதாரண ரப்பர் கையுறையையும் அந்தப் பொருள் ஊடுருவும் என்பதால், பூண்டை வேறொருவர் உரிக்கும்படி சில வாரங்கள் ஏற்பாடு செய்துகொண்டு மாற்றம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்.

விரல் நுனிப் பிளவு ஆழமாக இருந்தால், ஜெல்லி தடவி அதன் மேல் காகித மருத்துவ நாடா ஒட்டி வையுங்கள். வலி அன்றே குறையும்.

காய்ப்பு எப்படி உருவாகிறது? அதை நீக்கியே தீர வேண்டுமா?

ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்ந்து படும்போது, அடியிலுள்ள உயிருள்ள திசுவைக் காப்பதற்காகத் தோல் தன் மேலடுக்கைத் தடிமனாக்கிக்கொள்கிறது. அழுத்தம் மெல்ல மெல்லப் பழகினால் காய்ப்பு வரும்; ஒரே நாளில் அதிகமாகப் பட்டால் கொப்புளம் வரும். மண்வெட்டி பிடிப்பவர், தறியில் அமர்பவர், மிருதங்கம் வாசிப்பவர் ஆகியோருக்குக் காய்ப்பு ஒரு கவசம். அதை முழுதும் நீக்கினால் மறுநாள் வேலையில் தோல் கிழியும்.

வலிக்காத, வெடிக்காத, வேலைக்குத் தேவையான காய்ப்பை அப்படியே விட்டுவிடுங்கள். விளிம்பு தூக்கிக்கொண்டு துணியில் மாட்டுவது, உலர்ந்து வெடிப்பது, அழுத்தினால் வலிப்பது என்றிருந்தால் மட்டும் அதன் தடிமனைக் குறைக்கலாம்.

வீணை பழகத் தொடங்கிய மகளுக்கு இடக்கை விரல்களில் பள்ளமும் வலியும் இருக்கின்றன. என்ன செய்வது?

வீணைத் தண்டின் குறுக்கே பதித்த 24 மெட்டுகளின் மேல் எஃகுத் தந்தியை அழுத்திப் பிடிப்பவை இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். வெறுமனே அழுத்துவதோடு நிற்காமல், கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கவும், மெட்டுக்கு மெட்டு வழுக்கிச் செல்லவும் வேண்டியிருப்பதால், அழுத்தமும் உராய்வும் சேர்ந்தே விரலில் விழுகின்றன. விரல் நுனியில் தந்தியின் கோடு கருத்துப் பதிவது வீணை பயில்பவர்கள் எல்லோருக்கும் நேர்வதே. தொடக்கத்து வலி, பயிற்சி ஒழுங்காக நடந்தால் சில வாரங்களில் மட்டுப்படும்.

மூன்று செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, வார இறுதியில் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் அமர்வதைவிட, நாள்தோறும் 15 அல்லது 20 நிமிடம் வாசிப்பதே காய்ப்பைச் சீராக வளர்க்கும், கொப்புளம் வராது. இரண்டாவது, வாசிக்கும்போது விரல் வழுக்கத் தேங்காய் எண்ணெயை லேசாகத் தொட்டுக்கொள்வது வீணைக் கலைஞர்களின் வழக்கம். அது உராய்வைக் குறைக்கிறது. மிகுதியாகத் தொட்டால் தந்தியும் மெட்டும் பிசுக்கேறும் என்பதால் பஞ்சிலோ துணியிலோ தோய்த்துத் தொடுவது நல்லது. மூன்றாவது, குளித்தவுடனோ பாத்திரம் கழுவியவுடனோ ஊறிய விரலுடன் வாசிக்க அமரக் கூடாது. ஊறிய காய்ப்பு எளிதில் பிய்ந்துவிடும். கை உலர்ந்து அரை மணி நேரம் கழித்து அமரட்டும்.

வாசித்து முடித்தபின் இரவில் விரலின் ஓரங்களுக்கும் க்யூட்டிக்கிளுக்கும் எண்ணெய் பூசலாம். காய்ப்பு உள்ள நுனியில் மிகக் குறைவாகப் பூசுங்கள். தந்திக் கோட்டின் நடுவில் தோல் வெடித்து இரத்தம் கசிந்தால், ஆறும்வரை வாசிப்பை நிறுத்திவிட்டு வாய்ப்பாட்டாகப் பயில்வதே நல்லது. துருவேறிய தந்தி, மெட்டுக்கு மேல் மிக உயரமாக நிற்கும் தந்தி ஆகியவை விரலைத் தேவைக்கு மேல் வருத்தும். வலி நீடித்தால் வீணையையும் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி எழுதி நடுவிரலில் மேடு விழுந்துள்ளது. போகுமா?

போகும். தேர்வுகள் முடிந்து எழுத்து குறைந்தால் தானாகவே சில வாரங்களில் தணியும். தடித்த பேனா, ரப்பர் பிடி, மையிறங்க அழுத்தம் வேண்டாத முனை ஆகியவை மீண்டும் வராமல் காக்கும். தையற்காரர்களுக்குக் கட்டைவிரலில் வருவதற்குக் கத்திரியின் வளையத்தில் துணி சுற்றிக்கொள்வது நல்ல தீர்வு. காரணமான அழுத்தம் நீங்காதவரை எந்தக் களிம்பும் காய்ப்பை நிலையாகக் குறைக்காது.

காய்ப்பின் தடிமனைக் குறைக்கும் முறை என்ன?

இளஞ்சூடான நீரில் 10 நிமிடம் விரலை ஊறவையுங்கள். பிறகு கால் தேய்க்கும் பியூமிஸ் கல்லையோ, நகம் தீட்டும் அரத்தையோ நனைத்து, ஒரே திசையில் மென்மையாகச் சில முறை தேயுங்கள். மேலே வெள்ளையாக ஊறி நிற்கும் அடுக்கு போனவுடன் நிறுத்திவிட வேண்டும். இளஞ்சிவப்பு தெரிந்தால் அளவு மீறிவிட்டது. கழுவி, ஒற்றி, யூரியா கிரீமோ ஜெல்லியோ பூசுங்கள். வாரம் இரண்டு முறை போதும். காலுக்குப் பயன்படுத்திய கல்லைக் கைக்குப் பயன்படுத்தாதீர்கள். காலிலுள்ள பூஞ்சை கைக்கு வந்துவிடும்.

சவர பிளேடால் சீவுவது பலரிடம் உள்ள பழக்கம். காய்ப்பு எங்கே முடிகிறது, உயிருள்ள தோல் எங்கே தொடங்குகிறது என்பது மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

கால் ஆணிக்கு ஒட்டும் பட்டையை விரல் காய்ப்புக்கு ஒட்டலாமா?

அந்தப் பட்டைகளில் பெரும்பாலும் 40 விழுக்காடு சாலிசிலிக் அமிலம் இருக்கும். பாதத்தின் தடித்த தோலுக்காக அமைக்கப்பட்ட அந்த அளவு, விரலில் காய்ப்பைத் தாண்டிச் சுற்றியுள்ள மெல்லிய தோலையும் வெள்ளையாக அரித்துவிடும். விரலுக்கு 10 முதல் 20 விழுக்காடு வரையிலான யூரியா கிரீமே போதுமானது. சற்று மெதுவாக வேலை செய்தாலும் புண் செய்யாது.

எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும், சமையல் சோடா, பற்பசை ஆகியவை உதவுமா?

உதவா. எலுமிச்சைச் சாறு பட்ட கையுடன் வெயிலில் போனால், அச்சாற்றில் உள்ள ஒரு பொருள் சூரிய ஒளியோடு வினைபுரிந்து தோலைக் கன்றச் செய்யும். அந்தக் கருந்தழும்பு மறைய மாதங்கள் ஆகலாம். சமையல் சோடா காரத்தன்மை உடையது. சோப்பு செய்யும் கேட்டையே அதுவும் செய்கிறது. சர்க்கரையின் கூரிய துகள்கள் வெடித்த தோலில் மேலும் கீறல்களை உண்டாக்கும். பற்பசை பல்லுக்கானது.

இது காய்ப்பா, மருவா என்று எப்படி அறிவது?

காய்ப்பின் மேல் கைரேகைக் கோடுகள் தொடர்ந்து செல்லும்; மரு அந்தக் கோடுகளை விலக்கிவிட்டு நிற்கும். மருவின் மேல்பகுதியில் மிளகுத் தூளைப் போன்ற கரும்புள்ளிகள் தெரியும். அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். நேராக அழுத்தினால் வலிப்பது காய்ப்பு, இருபுறமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு. மரு ஒரு வைரஸ் தொற்று. நகம் கடிப்பவர்களுக்கு விரலுக்கு விரல் பரவும். அதை அரத்தால் தேய்ப்பது, பரப்புவதற்கே வழி.

எந்த நிலையில் வீட்டுப் பராமரிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

நீரிழிவு உள்ளவர்கள், இரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள், விரலில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் ஆகியோர் அமிலப் பட்டையையும் பிளேடையும் தொடவே கூடாது. சிறு வெடிப்பில் சிவப்போ சீழோ தென்பட்டாலே அவர்கள் காட்டிவிட வேண்டும்.

ஒரு கை மட்டும் வறண்டு செதிலாக உரிந்து, பாதங்களிலும் அப்படியே இருந்தால் அது பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். நகத்தில் குண்டூசி முனையளவு குழிகளும், முழங்கையில் வெள்ளைச் செதில்களும் இருந்தால் சொரியாசிஸ் என்னும் தோல் நோயாக இருக்கலாம். பல விரல்களிலும் க்யூட்டிக்கிள் கிழிந்து தடித்து, நக மடிப்பு சிவந்து, கண்ணிமையில் ஊதாச் சிவப்பும் படியேறும்போது தொடைகளில் பலவீனமும் சேர்ந்து வந்தால் தாமதிக்காதீர்கள். அது டெர்மட்டோமயோசைட்டிஸ் என்னும் தசை, தோல் நோயின் அடையாளமாக இருக்கக்கூடும்.

மருந்துக் கடையில் 'கை வெடிப்புக்கு' என்று கேட்டால், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த களிம்பைச் சீட்டில்லாமலே கொடுத்துவிடும் வழக்கம் நாட்டில் பரவலாக இருக்கிறது. அரிப்பு உடனே அடங்குவதால் நல்ல மருந்து என்று தோன்றும். பூஞ்சை இருந்தால் அது உள்ளுக்குள் வளரும். நாளடைவில் தோல் மெலிந்து வெடிப்பு முன்பைவிட ஆழமாகும். மருத்துவர் பெயர் எழுதித் தராத களிம்பை விரலில் தொடாதீர்கள்.

முறையாகச் செய்தால் எத்தனை நாளில் பலன் தெரியும்?

நக ஓரத் தோலின் சொரசொரப்பு ஒரு வாரத்தில் குறையத் தொடங்கும். மறைந்துபோன க்யூட்டிக்கிள் மீண்டும் நகத்தோடு ஒட்டி அடைப்பதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை கையுறையும் எண்ணெயும் தவறக் கூடாது. நகத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்ட பள்ளங்களை எதுவும் சமப்படுத்தாது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. பழைய நகம் முழுதும் வளர்ந்து வெளியேற ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும்.